இடித்துவிட்டு ஓடிய வீடு

"உலகத்துலயே வீடு வந்து இடிச்சுட்டு ஓடிப்போன ஒரே கார் என்னோடதுதான்!"

நீலக் கம்பெனி என்ற இன்சூரன்ஸ் ஆபீசின் கவுண்டரில் நின்று தொக்தார் இதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வரிசையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் விழித்துக்கொண்டு, முன் நாற்காலிக்கு இடம் மாறினார்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஜுமகலி. இழப்பீட்டுப் பிரிவின் தலைவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எது ஓடிப்போச்சு?"

"வீடுங்க."

"வீட்டுக்காரரா?"

"வீடு."

ஜுமகலி ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பெயரை மரியாதையாகச் சுருக்கிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். "தோக்கே, இதுல நாலு கட்டம்தான் இருக்கு. உங்க காரை இடிச்சது வாகனமா, விலங்கா, நடந்து போனவரா, அசையாப் பொருளா?"

தொக்தார் நேர்மையாக யோசித்தார். "வீடுன்னா அசையாப் பொருள்தான்."

"அசையாப் பொருள் எப்படிங்க வந்து இடிக்கும்? நீங்கதான் போய் இடிச்சிருக்கீங்க."

"இல்லீங்க, நான் நின்னுட்டிருந்தேன். அதுதான் வந்துச்சு."

"தானா வந்துச்சுன்னா வாகனம். வண்டி நம்பர்?"

"நம்பர் இல்ல. கால் இருந்துச்சு. நாப்பது கால்."

"அப்போ விலங்கு."

"எல்லாக் காலும் ஷூ போட்டிருந்துச்சுங்க."

ஜுமகலி பேனாவை மூடினார்.

எங்கள் தராஸ் நகரத்தில் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீடு என்று சொன்னால் அது செங்கல் வீடாகவும் இருக்கும், கம்பளி வீடாகவும் இருக்கும். மரப்பின்னலில் வட்டச் சுவர், மேலே வெள்ளைக் கம்பளி, முன்னால் ஆட்டுக்கொம்பு செதுக்கிய இரட்டைக் கதவு. எங்கள் வசந்தப் புத்தாண்டான நவுருஸ் பண்டிகைக்கு ஒவ்வொரு அலுவலகமும், ஒவ்வொரு பள்ளிக்கூடமும், ஏன், பல் மருத்துவமனைகூட, நகரச் சதுக்கத்தில் ஒரு கம்பளி வீட்டை நிறுத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நவுருஸ் கஞ்சி ஊற்றும். இந்த வருஷம் நாற்பத்திரண்டு வீடுகள். எல்லாம் வெள்ளை. எல்லாம் வட்டம்.

பண்டிகையன்று காலை பத்து மணிக்கு விழாக் குழுக்காரர் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டினார். குதிரை ஊர்வலத்துக்கு வழி போதவில்லை, எல்லா வீடுகளும் பன்னிரண்டு மீட்டர் பின்னால் தள்ளிப் போக வேண்டும் என்றார்.

கம்பளி வீட்டைப் பிரித்து மறுபடி கட்ட ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அவசரத்துக்கு எங்கள் ஆட்கள் அதைப் பிரிக்க மாட்டார்கள். இருபது பேர் உள்ளே போய், சுவரின் மரப்பின்னலைப் பிடித்து, மூச்சை இழுத்து, வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வெளியே நின்று பார்த்தால் குண்டான ஒரு அத்தை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டுவதுபோல இருக்கும். அன்று அப்படி நாற்பத்திரண்டு அத்தைகள் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள்.

ஊரே வீடுகளுக்குள் இருந்தது. போலீஸ்காரர்களும் தங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அற்புதத்தை வெளியிலிருந்து பார்த்த ஒரே மனிதர் தொக்தார்தான். மனைவி ரவ்ஷான் விடியற்காலையிலிருந்து எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளைப் பண்டிகைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காரைச் சதுக்கத்தின் ஓரமாக நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

காற்று பலமாக அடித்ததால் எல்லா வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தன. அவற்றில் ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து அவரை நோக்கி வந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"இடது! இடது! உங்க இடது இல்லய்யா, என் இடது!"

இருபது பேர் வட்டமாக நின்றால் இருபது இடது உண்டு என்பதை அந்தக் குரல் யோசித்ததாகத் தெரியவில்லை.

படார்.

வலது பின் கதவு உள்ளே போனது. வீடு ஒரு கணம் நின்றது. "என்னவோ தட்டுச்சு" என்றது உள்ளே ஒரு வாய். "நட, நட" என்றது இன்னொரு வாய். வீடு இரண்டு எட்டு பின்வாங்கி, அரை வட்டம் போட்டுத் திரும்பி, ஓட்டம் பிடித்தது. நடந்தது என்று சொல்லி அதன் திறமையைக் குறைக்க மாட்டேன். நாற்பது ஷூக்களும் தடதடக்க ஓடியது. தொக்தார் காரைவிட்டு இறங்குவதற்குள் மற்ற நாற்பத்தொன்றோடு கலந்து, ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்துகொண்டது.

தொக்தார் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். இருபத்தெட்டு வருஷமாக மீட்டர் என்ன காட்டியதோ அதை மட்டும் எழுதியவர். சொந்த மாமனார் வீட்டு மீட்டரைக்கூட ஒரு புள்ளி குறைக்காமல் எழுதி, மூன்று பண்டிகைக்கு அங்கே சோறு கிடைக்காமல் திரும்பியவர். அப்படிப்பட்டவர் விசாரணையையும் ஒழுங்காகவே ஆரம்பித்தார். முதல் வீட்டிலிருந்து வரிசையாக.

"மன்னிக்கணும், இந்த வீடு இப்ப ஏதாவது காரை இடிச்சுதா?"

"முதல்ல உக்காருங்க தோக்கே. கஞ்சி குடிச்சுட்டுப் பேசுவோம்."

நவுருஸ் அன்று கஞ்சியை மறுத்தால் அந்த வீட்டுக்கே அந்த வருஷம் விளங்காது. குடித்தார். அடுத்த வீட்டிலும் குடித்தார். எட்டாவது வீட்டில் பெல்ட்டைத் தளர்த்தினார். பத்தாவது வீட்டில் பெல்ட்டையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பதினோராவதாக நுழைந்தது நீலக் கம்பெனியின் வீடு. அங்கே ஜுமகலியே எழுந்து வந்து கையைப் பிடித்து, விருந்தாளிக்குரிய உயர்ந்த இடத்தில் உட்கார வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றினார்.

"குடிங்க, குடிங்க. பண்டிகை நாள்ல எதுக்குங்க வீடு வீடா அலையறீங்க? நாங்க எதுக்கு இருக்கோம்? ஆபீசுக்கு வாங்க."

விசாரணை அங்கேயே முடிந்தது. பதினோராவது வீட்டிலிருந்து தொக்தாரை இரண்டு பேர் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நான்கு பேர் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் குறைத்தே சொல்கிறேன்.

இப்போது அதே ஜுமகலி, அதே கையால், வாக்குமூலத்தில் ஒரு வரியை அடித்தார்.

"'உள்ளே குரல் கேட்டது' வேண்டாம். வீடு பேசுச்சுன்னு எழுதினா மேலிடத்துல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"வீடு பேசலீங்க, உள்ள இருந்த ஆள்..."

"பாத்தீங்களா ஆளை?"

"கேட்டேன்."

"கேட்டது செல்லாது. தோக்கே, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா கம்பளி வந்து இரும்பை நசுக்குச்சுன்னா நான் எப்படி நம்புவேன்? காரை நேர்ல பாக்கணும். நான் வந்து பாக்குற வரைக்கும் கதவுல ஒரு விரல்கூட படக் கூடாது."

"எப்ப வருவீங்க?"

"வருவேன்."

மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருக்கிற ஊர். எல்லோரும் தொக்தாரை நம்பினார்கள். வீடுகள் நடந்தது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும்தானே தூக்கினார்கள். எது இடித்தது என்பதுதான் தெரியாது, எல்லோரும் உள்ளே இருந்தார்களே. நம்பாதவர் ஒரே ஒருவர். முத்திரை இருந்ததோ அந்த ஒருவரின் மேஜை இழுப்பறையில்.

ரவ்ஷானும் நம்பினாள். ஆனால் அவள் கல்யாணங்களுக்கு கேக் செய்பவள். வசந்தம் வந்தால் எங்கள் ஊரில் கல்யாணம் இல்லாத சனிக்கிழமை கிடையாது. நசுங்கிய கதவு திறக்காது. திறக்காத கதவு வழியாக மூன்றடுக்கு கேக் போகாது.

"இங்க பாருங்க" என்றாள். கார்ச் சாவியை எடுத்துச் சமையல் ஏப்ரனின் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கதவுகூட பெருசில்ல. அந்த மனுஷன் காகிதத்துல 'பொய்'னு எழுதிட்டா, அதுக்கப்புறம் நீங்க போய்ப் பாக்குற ஒவ்வொரு மீட்டருக்கும் ஊர்ல கேள்வி கேப்பாங்க. 'வீடு ஓடுச்சுன்னு சொன்ன ஆளாச்சே, இவர் சொல்ற தண்ணிக்கணக்கு மட்டும் நெசமா'ன்னு. அவர் கையால 'நடந்தது உண்மை'ன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் தரேன் சாவி."

பதினைந்து நாள் போயிற்று. ஜுமகலி வரவில்லை. போன் செய்தால் கூட்டத்தில் இருந்தார். நேரில் போனால் சாப்பாட்டில் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போனால் கூட்டத்தில் இருந்தார்.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு பஸார்பாய் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கார் சம்பந்தப்பட்ட எதிலும் யாரும் கேட்காமலே யோசனை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர்.

"உன் பாலிசி என்னிக்கு முடியுது?"

"அடுத்த வாரம்."

"அப்புறம் என்னய்யா? பச்சைக் கம்பெனிக்கு மாறிடு! மாறிட்டன்னு தெரிஞ்சா நீலக்காரன் பதறிக்கிட்டு ஓடி வருவான். அது மட்டுமில்ல, பச்சைக் கம்பெனியில சேர்ந்தா ஒரு பிளாஸ்க் தராங்க."

அடுத்த வாரம் தொக்தார் மாறினார். பச்சைக் கம்பெனியில் சல்தானத் என்ற பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். எல்லாவற்றையும் புத்தகத்தில் இருக்கிறபடி செய்கிறவள்.

"பழைய கம்பெனியில ஏதாவது கிளெய்ம் முடியாம இருக்குங்களா, அங்கிள்?"

"இருக்கும்மா. ஒரு வீடு வந்து இடிச்சுது."

அவள் கண் இமைக்காமல் எழுதிக்கொண்டாள். "அது நடந்தது பழைய பாலிசியில. அதனால அவங்கதான் பாத்தாகணும், நீங்க எங்க போனாலும். இனிமே ஏதாவது நடந்தா எங்க பொறுப்பு. நாளைக்கு வந்து காரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கறேன். எடுத்ததும் கையெழுத்து."

அவ்வளவு எளிது. தொக்தார் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு நேராக நீலக் கம்பெனிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஜுமகலி பதறவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

"அப்போ நீங்க எங்க வாடிக்கையாளரே இல்ல!"

"ஆனா கிளெய்ம் உங்ககிட்டதானே இருக்கு? பாக்கிற கடமை இருக்குல்ல?"

"கடமை இருக்கு. அவசரம்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஜுமகலி தொக்தாரின் கோப்பை எடுத்து ஜன்னலோரப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தார். தொட்டி ஆடாமல் நின்றது.

மறுநாள் காலை பஸார்பாய் மறுபடி வேலிக்கு மேலே.

"அந்தப் பொண்ணு போட்டோ எடுக்கும்போது பள்ளம் தெரிஞ்சா அவ்வளவுதான். ஓட்டைக் காருக்கு எவன் பாலிசி குடுப்பான்?"

"சரி பண்ணிடலாம்னா நீலக் கம்பெனி தொடக் கூடாதுங்குது."

"அதான் சொல்றேன். ஒருத்தனுக்குப் பள்ளம் தெரியணும், இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. மூடு!"

"பஸார்பாய், நான் பொய் சொல்ல மாட்டேன்."

"உன்னை யாருய்யா பொய் சொல்லச் சொன்னா? துணியைக் கட்டு. துணி பேசவா போவுது?"

பஸார்பாய் தன் வீட்டிலிருந்த பூவேலைச் சுவர்ச்சீலையைக் கொண்டுவந்து கதவின் மேல் தொங்கவிட்டார். அது மட்டும் தொங்கினால் சந்தேகம் வரும் என்று மற்றப் பக்கங்களிலும் சிவப்பு ரிப்பன். ரிப்பன் மொட்டையாக இருக்கிறதே என்று முன்பக்கம் இரண்டு பொம்மை அன்னங்கள். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது. கல்யாணக் கார் போலவே இருந்தது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கல்யாணக் காருக்கும் அவ்வளவு அலங்காரம் நடந்ததில்லை.

சல்தானத் வாசலில் வந்து நின்று கன்னத்தில் கை வைத்தாள்.

"அங்கிள்! வீட்ல கல்யாணமா?"

தொக்தார் வாயைத் திறந்தார். பஸார்பாய் முந்திக்கொண்டார். "பின்னே? ஒரே பொண்ணு!"

தொக்தாருக்கு அனேல் என்று ஒரு பெண் இருந்தாள். ஒரே பெண். அந்த அளவில் அது பொய் இல்லை. தொக்தார் வாயை மூடிக்கொண்டார்.

"கல்யாண ரிப்பனை அவிழ்க்கச் சொல்ற பாவம் எனக்கு வேணாம்" என்றாள் சல்தானத். "அடுத்த சனிக்கிழமை வரேன், அப்ப எடுத்துக்கலாம். ஆனா அதுவரைக்கும் பாலிசி கிடையாது அங்கிள், காரை வெளிய எடுத்துடாதீங்க."

நீலக் கம்பெனியின் பாலிசி அன்று மாலையோடு முடிந்தது. இப்போது காருக்குப் பழைய கம்பெனியும் இல்லை, புதிய கம்பெனியும் இல்லை. இரண்டு பொம்மை அன்னங்கள் மட்டும் இருந்தன. ரவ்ஷான் அந்த வாரக் கேக்கைப் பேருந்தில் கொண்டுபோனாள். ஏறும்போது மூன்றடுக்கு. இறங்கும்போது இரண்டு.

ரிப்பன் கட்டிய கார் முற்றத்தில் நின்றால் தெரு சும்மா இருக்குமா? மறுநாள் காலையே பெண்கள் கூட்டமாக வந்து, "சாஷு! சாஷு!" என்று கூவி காரின் மேல் மிட்டாயை அள்ளி இறைத்தார்கள். மங்கலத்துக்கு இறைப்பதுதான் வழக்கம், ஆனால் எங்கள் தெருவில் அதற்கென்று வைத்திருக்கும் மிட்டாய் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது, கல்லாக இறுகியிருந்தது. பக்கக் கண்ணாடி ஒன்று சில்லு சில்லாகிவிட்டது.

அன்று மாலை அனேல் வேலையிலிருந்து வந்தாள். பல் மருத்துவமனையில் உதவியாளர். இருபத்து நான்கு வயது.

"அப்பா, இன்னிக்கு மூணு பேஷன்ட் வாயைத் திறந்து வச்சுக்கிட்டே எனக்கு வாழ்த்து சொன்னாங்க. மாப்பிள்ளை யாருன்னு எனக்கும் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா" என்றார் தொக்தார் பரிதாபமாக.

"அதுதானே விஷயம்!" என்றாள் ரவ்ஷான் அடுப்படியிலிருந்து. "பொய் சொல்லாத மனுஷன்! வாயை மூடிக்கிட்டே பொண்ணுக்கு ஒரு கல்யாணத்தை நடத்திட்டாரு!"

ஊருக்கு மறுத்துச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினார் தொக்தார். சொல்லவும் செய்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பா "கல்யாணமெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்னால், மாப்பிள்ளை பெரிய இடம், கண் பட்டுவிடும் என்று மறைக்கிறார் என்று அர்த்தம். வியாழக்கிழமைக்குள் மாப்பிள்ளை கஸ்பியன் கடலில் எண்ணெய்க் கிணறு வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. ரவ்ஷானின் தம்பி ஓர்மான்பெத் குதித்து இறங்கினார். ஆறடி மூன்றங்குலம். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அத்தான்! தாய்மாமன் உசுரோட இருக்கும்போது, மருமக கல்யாணத்தை நான் பால் கறக்க வந்தவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?"

"மச்சான், கொஞ்சம் பொறு, கல்யாணம்னு ஒண்ணு..."

"பேசாதீங்க! உங்க மேல எனக்குக் கோபம். ஆனா என் கடமையில குறை வைக்க மாட்டேன்." லாரியைப் பார்த்துக் கையைத் தட்டினார். "இறக்குங்கடா சீரை!"

பதினெட்டு ஆட்கள் இறக்கினார்கள். புதுமணத் தம்பதிக்குத் தாய்மாமன் சீர், வெள்ளை வெளேரென்று ஒரு புத்தம் புதுக் கம்பளி வீடு. தொக்தார் ஐந்து தடவை வாயைத் திறந்து மூடுவதற்குள் அதை முற்றத்தில் கட்டியும் முடித்துவிட்டார்கள். வாசல் கேட்டுக்கு நேர் குறுக்கே. ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே வர முடியும்.

முதலில் ஒருக்களித்து வந்தவள் சல்தானத். அவளுக்குப் பின்னால், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, ஜுமகலி.

ஆமாம், ஜுமகலியேதான். கம்பெனி விதிப்படி முப்பதாம் நாளில் கோப்பை ஏற்க வேண்டும், இல்லை மறுக்க வேண்டும். அன்று முப்பதாம் நாள். அவர் கையில் தட்டச்சு செய்து கொண்டுவந்த ஒரு கடிதம் இருந்தது.

"காரைப் பாக்க வந்தீங்களா ஜுமெக்கே?" என்றார் தொக்தார், நம்பிக்கையோடு.

ஜுமகலி இருபது அடி தூரத்தில் நின்றபடி காரின் திசையில் ஒரு பார்வை பார்த்தார். "பாத்தாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

தொக்தார் படித்தார். *விபத்து நடந்ததாகக் கூறப்படும் விவரம் நம்பத்தகுந்ததாக இல்லை. வாடிக்கையாளர் தவறான தகவல் அளித்துள்ளார்.* இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பெயர் இருந்த எந்தக் காகிதத்திலும் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததில்லை. ரவ்ஷான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, ஏப்ரன் பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். 

அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. பூவேலைச் சீலை பறந்துபோய் வேலியில் விழுந்தது. வலது பின் கதவு தன் பள்ளத்தோடும், பள்ளத்துக்கு நடுவே அச்சு வைத்ததுபோலப் பதிந்த ஆட்டுக்கொம்போடும் வெளியே தெரிந்தது.

"ஓ, இதுதானா அங்கிள் அந்த இடி?" என்றாள் சல்தானத். "இதுக்கா துணி போட்டீங்க? அன்னைக்கே சொன்னீங்களே, நான் எழுதிக்கிட்டேனே. 'வலது பின் கதவு, பக்கக் கண்ணாடி நீங்கலாக'ன்னு ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது!"

எல்லோரும் திரும்பி பஸார்பாயைப் பார்த்தார்கள். அவர் ஆப்பிள் மரத்தில் பூ விட்டிருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா!" என்று ஓர்மான்பெத் முழங்கினார். "வீடு வழியில நிக்குது, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா எப்படி நுழைவாங்க? நாலு மீட்டர் தள்ளுவோம். எல்லாரும் உள்ள போங்க! ஒரு கை குறையுதே... ஏங்க, தொப்பிக்காரரே, நீங்க வாங்க!"

"நானா?" ஜுமகலி ஒரு அடி பின்வாங்கினார். "ஐயய்யோ, எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்லீங்க. ஆபீஸ் வேலை பாக்குற ஆள். வீட்டை எப்படித் தூக்குவாங்கன்னே எனக்குத் தெரியாது."

"கல்யாண வீடுங்க!"

கல்யாண வீட்டைத் தூக்கக் கூப்பிட்டால் மறுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தவிர, ஓர்மான்பெத் ஏற்கெனவே அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். ஜுமகலி உள்ளே போனார். கடிதமும் அவரோடு போனது. அவசரமாக பஸார்பாயும் உள்ளே போனார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் மூன்று பேர்தான். சல்தானத் காரைச் சுற்றி வந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள், ஒரு வரி சேர்த்தாள், நீட்டினாள். தொக்தார் காரின் கூரையில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் அவளும் போட்டாள்.

"அவ்வளவுதான் அங்கிள். இந்த நிமிஷத்துலேர்ந்து உங்க கார் எங்க பொறுப்பு."

உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது.

"எங்க பிடிக்கணும்?"

"மேல பிடிக்காதீங்க, கீழ்ப் பின்னலைப் பிடிங்க." இது யாரோ விஷயம் தெரிந்த ஆளின் குரல். "முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்கய்யா. காத்து உள்ள புகுந்தா வீட்டையே தூக்கிட்டுப் போயிடும். சாத்திட்டீங்களா? மூணு எண்ணுவேன். மூணுல தூக்கக் கூடாது, மூணு முடிஞ்சப்புறம் தூக்கணும். அவசரப்பட்டா முதுகு போயிடும். ஒண்ணு, ரெண்டு..."

தொக்தார் சட்டென்று வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

வீடு எழுந்தது. கம்பளிக்குக் கீழே கால்கள் தெரிந்தன. நிறைய சேற்று பூட்சுகள், அவற்றுக்கு நடுவே பளபளவென்று ஒரு ஜோடி ஆபீஸ் ஷூ. வீடு ஒரு எட்டு வைத்தது. இரண்டு எட்டு வைத்தது. கேட்டை விட்டு நன்றாகவே விலகியது. அப்புறம் நிற்காமல் ஆப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு காரை நோக்கித் திரும்பியது.

"இடது!" என்று கத்தியது அந்தக் குரல். "இடது! உங்க இடது இல்லய்யா, என் இடது!"

ரவ்ஷான் சல்தானத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். தொக்தார் அசையவில்லை. இந்தக் காட்சியை அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தார். எங்கே முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

படார்.

இடது பின் கதவு உள்ளே போனது.

வீடு நின்றது. "என்னவோ தட்டுச்சு" என்றார் உள்ளே பஸார்பாய். "நட, நட" என்று யாரும் சொல்லவில்லை. வீடு மெதுவாகத் தரையில் இறங்கியது. ஆட்டுக்கொம்புக் கதவில் ஒரு பாதி திறந்தது. அதன் வழியாக ஜுமகலி வெளியே வந்தார். தொப்பி ஒரு காதின் மேல் இருந்தது. கண்ணாடியில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. மறுப்புக் கடிதம் உள்ளங்கையில் கசங்கி ஒரு பவுர்சாக் உருண்டை அளவுக்கு ஆகியிருந்தது.

அவர் இடது கதவைப் பார்த்தார். பள்ளத்துக்கு நடுவே ஆட்டுக்கொம்பு. காரைச் சுற்றி மெதுவாக நடந்துபோய், முப்பது நாளாக வந்து பார்க்காமலிருந்த வலது கதவைப் பார்த்தார். அங்கேயும் ஆட்டுக்கொம்பு.

சல்தானத் புத்தம் புதுப் படிவம் ஒன்றைப் பிரித்து, பேனாவைத் திறந்தாள்.

"சார், நான் வேலைக்குப் புதுசு. எனக்கு இதுதான் முதல் கிளெய்ம். நீங்க அனுபவசாலி. இதுல எந்தக் கட்டத்துல போடறது? வாகனமா, விலங்கா, நடந்து போனவரா, அசையாப் பொருளா?"

 கதவிடுக்கில் இருபது தலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக எட்டிப் பார்த்தன. தொக்தார் மீட்டரைப் பார்ப்பதுபோல, எண் வந்து நிற்கட்டும் என்று, ஜுமகலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரவ்ஷான் ஏப்ரன் பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஜுமகலி தொப்பியைக் கழற்றினார்.

"அன்னைக்கும் நான் இடதுன்னுதாங்க சொன்னேன்."